யாரென்று கேளாத தர்மம்

தர்மம் என்பது அன்புக்கொடி மக்களுக்குப் பழகிய சொல். பதியிலும் தாங்கலிலும் நாள் தவறாமல் ஒலிக்கும் சொல். பழகிய சொல்லுக்கு ஓர் ஆபத்து உண்டு. கேட்கக் கேட்க அது காதில் விழும், மனத்தில் விழாது. தர்மம் என்றதும் அன்னதர்மமும் திருநாள் பணிவிடையும் நினைவுக்கு வருகின்றன. அவை சிறந்தவையே. நாள் குறித்து, அரிசியும் காய்கறியும் சேர்த்து, பத்துப் பேரோடு கூடிச் செய்யும் தர்மம் அது. எண்ணிப் பார்க்க நேரமே இல்லாதபோது, வீட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் செய்யும் தர்மமும் ஒன்று உண்டு. அது எப்படிப்பட்டது என்பதை நீலகிரி மலையின் ஒரு சிற்றூர் 2021ஆம் ஆண்டில் காட்டியது. இந்தப் பாடம் அந்த ஊரைப் பற்றியது.

மலைச்சரிவில் ஒரு சிற்றூர்

குன்னூர், நீலகிரி மலையின் தென்கிழக்கு விளிம்பில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும் சாலையும், 1899இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலும் அங்கே வந்து சேர்கின்றன. அதை ஒட்டியே வெலிங்டன் ராணுவக் குடியிருப்பும், முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கல்லூரியும் உள்ளன. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், காடுகள், செங்குத்தான பள்ளங்கள். அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தின் ஓரத்தில், காட்டேரிக்கு அருகே, நஞ்சப்பசத்திரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. தோட்ட வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்ப் பிழைக்கும் எளிய மக்களின் ஊர் அது.

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. கோவைக்கு அருகே உள்ள சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து காலை 11.48 மணிக்கு ஒரு ஹெலிகாப்டர் புறப்பட்டது. 12.15க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். அதில் 14 பேர் இருந்தார்கள். இந்தியாவின் முதல் முப்படைத் தலைமைத் தளபதியான ஜெனரல் பிபின் ராவத், அவர் துணைவியார் மதுலிகா ராவத், ராணுவ அதிகாரிகள், வீரர்கள், ஹெலிகாப்டரை ஓட்டி வந்தவர்கள். மலையை மேகம் மூடியிருந்தது. 12.08 அளவில் ஹெலிகாப்டருடனான தொடர்பு அறுந்தது. நஞ்சப்பசத்திரத்தின் அருகே அது விழுந்து தீப்பற்றியது. எதிர்பாராமல் வானிலை மாறி, மேகத்துக்குள் புகுந்துவிட்டதால் நேர்ந்த விபத்து என்று விமானப்படையின் விசாரணை அடுத்த மாதம் தெரிவித்தது.

மறுநாள் நாடாளுமன்றத்தில் அறிக்கை வாசித்த பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், தீயை முதலில் கண்டு அந்த இடத்துக்கு ஓடியவர்கள் உள்ளூர் மக்களே என்று சொன்னார். அவையின் பதிவில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அந்த ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் இருப்பது என்ன என்பதுதான் பாடம்.

கம்பளி

பெரும் சத்தம் கேட்டு ஊரார் வெளியே வந்தார்கள். பள்ளத்தில் புகையும் நெருப்பும் தெரிந்தன. தீ உயரமாக எரிந்ததால் முதலில் யாராலும் கிட்டே போக முடியவில்லை. உடனே தீயணைப்புத் துறைக்கும் போலீசுக்கும் தகவல் போனது. ஆனால் அந்த இடத்துக்கு வண்டி போகப் பாதை இல்லை. தீயணைப்பு வண்டி வந்தும் மேலேயே நிற்க வேண்டியதாயிற்று. வீடுகளிலிருந்து குடத்திலும் வாளியிலும் தண்ணீர் சுமந்து போனார்கள். வீட்டுக் குடத்துத் தண்ணீரைக் கொண்டு ஹெலிகாப்டர் எரிபொருளின் நெருப்போடு போராடினார்கள். மீட்புப் பணியாளர்கள் வந்தபின் அவர்களோடு சேர்ந்து நின்றார்கள்.

காயம்பட்டவர்களைச் சரிவில் மேலே தூக்கிவர வேண்டும். தூக்குப் படுக்கை அங்கே இல்லை. அப்போது வீடுகளிலிருந்து கம்பளிகளும் போர்வைகளும் வந்தன. அவற்றில் கிடத்தி, நாலு முனையையும் பிடித்து, தீயில் வெந்தவர்களையும் உயிர் பிரிந்தவர்களையும் தூக்கி வந்தார்கள்.

கன்னியாகுமரிக் கரையில் வாழும் ஒருவருக்குக் கம்பளி என்பது அவ்வளவு பெரிய பொருளாகத் தோன்றாது. நீலகிரியில் டிசம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று அறிந்தவருக்குத்தான் அதன் விலை தெரியும். மாலை நாலு மணிக்கே பனி இறங்கும். விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படியும் பருவம் அது. கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தில் ஆளுக்கு இரண்டு கம்பளி இருக்காது. பகலில் கொடுத்த கம்பளி, இரவில் தம் பிள்ளை போர்த்திக்கொள்ள வேண்டிய கம்பளி. அது திரும்பி வராது என்பது கொடுக்கும்போதே தெரியும். இருந்தும் கொடுத்தார்கள்.

மிஞ்சியதைக் கொடுப்பதற்குக் கை வேண்டும். அன்று இரவே தனக்கு வேண்டியதைக் கொடுப்பதற்கு மனம் வேண்டும். தியாகம் என்ற பெரிய சொல்லின் பொருள் இந்த இடத்தில்தான் விளங்குகிறது. அந்த ஊரில் யாரும் தியாகம் செய்கிறோம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். எரிகிறவனைப் போர்த்தத் துணி வேண்டும், வீட்டில் துணி இருக்கிறது. அவ்வளவே அந்த நேரத்துக் கணக்கு.

யாரென்று கேளாமல்

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும. எரிந்துகொண்டிருப்பவர் யார் என்று அந்த மக்களுக்குத் தெரியாது. நாட்டின் முப்படைத் தலைவர் அதில் இருந்தார் என்பது பின்னர்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. பெரியவர் என்பதற்காக ஓடவில்லை. பரிசு வரும் என்பதற்காக ஓடவில்லை. எந்த ஊர், எந்த மொழி, எந்தச் சாதி என்று கேட்டுவிட்டு ஓடவில்லை. அந்த 14 பேரில் பலர் வடநாட்டவர். அவர்கள் பேசும் மொழியே நஞ்சப்பசத்திரத்தில் பலருக்கு விளங்காது. நெருப்புக்கு நடுவே கிடந்த மனிதன் என்பதே அவர்களுக்குப் போதுமான அடையாளமாக இருந்தது.

அய்யா வைகுண்டர் சுவாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றை ஏற்படுத்தியது எதற்காக என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஒரு சாதிக்காரர் தொட்ட தண்ணீரை இன்னொரு சாதிக்காரர் தொடாத காலம் அது. யாருடைய கிணறு, யார் இறைக்கலாம், யார் எட்டி நிற்க வேண்டும் என்று தண்ணீருக்கே வேலி போட்டிருந்த காலம். அந்தக் காலத்தில் எல்லாச் சாதி மக்களும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளிக்கவும் குடிக்கவும் அய்யா வழி செய்தார். தண்ணீர் தருகிறவன் யார், வாங்குகிறவன் யார் என்ற கேள்வியையே அந்தக் கிணறு அழித்தது. நஞ்சப்பசத்திரத்தில் குடத்தோடு ஓடிய கைகளும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பள்ளியறையில் அய்யா கண்ணாடியை வைத்ததன் பொருளும் இதனோடு சேர்ந்தது. கண்ணாடியின் முன் நிற்பவர் தம் உருவத்தைக் காண்கிறார். இறைவன் தமக்குள் இருப்பதை உணர்கிறார். அந்த உணர்வு பதியின் வாசலோடு நின்றுவிட்டால் அது பாதி வழிபாடு. தமக்குள் இருப்பவரே அடுத்தவருக்குள்ளும் இருக்கிறார் என்று தெரிவதே மீதிப் பாதி. முன்பின் அறியாத ஒருவரின் உடலில் பற்றிய தீ, தன் உடலில் பற்றியதுபோல் சுடும்போது அந்த வழிபாடு நிறைவேறுகிறது.

தண்ணீர் கேட்டவர்

அன்று அங்கே நின்ற ஒருவர் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்ன செய்தி நெஞ்சை உலுக்குவது. நெருப்பிலிருந்து வெளியே கிடந்த ஒருவர் தண்ணீர் கேட்டார். அவரைப் போர்வையில் வைத்துத் தூக்கினார்கள்; மீட்புப் பணியாளர்கள் கொண்டு சென்றார்கள். சில மணி நேரம் கழித்து, அவர்தான் ஜெனரல் ராவத் என்று அந்த மனிதரிடம் சிலர் சொன்னார்கள். கேட்ட தண்ணீரைக் கொடுக்க முடியாமல் போயிற்றே என்ற வருத்தத்தில் அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

கேட்டவர் தளபதியாக இருந்தாலும், கடைசி வரிசை வீரராக இருந்தாலும் அந்த வருத்தத்தின் மதிப்பு ஒன்றே. அந்த மனிதர் செய்ததை உலகம் பாராட்டியது. அவர் மனமோ, செய்ய முடியாமல் போன ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தது. தர்மம் செய்பவர் மனம் இப்படித்தான் இருக்கும். கொடுத்ததை எண்ணி நிறைவடையாது. கொடுக்க விட்டதை எண்ணி உறங்காது. கொடுத்ததைக் கல்லில் பொறித்து வைக்கும் வழக்கம் பெருகிவிட்ட காலத்தில், கொடுக்காத ஒரு மிடறு தண்ணீருக்காக விழித்திருந்த இந்த மனம் அன்பர்கள் மறக்கக் கூடாத ஒன்று.

பலன் எங்கே?

இனி, இந்தப் பாடத்தின் கடினமான பகுதி.

ஹெலிகாப்டரில் இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே உயிரிழந்தார்கள். அன்று உயிர் தப்பிய ஒரே ஒருவர் குரூப் கேப்டன் வருண் சிங். அவர் வெலிங்டன் கல்லூரியில் பயிற்சி தரும் அதிகாரி. முதலில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையிலும், மறுநாள் முதல் பெங்களூரு ராணுவ மருத்துவமனையிலும் அவருக்குச் சிகிச்சை நடந்தது. நாடே அவருக்காக வேண்டியது. டிசம்பர் 15ஆம் தேதி அவரும் காலமானார்.

அப்படியானால் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரார் சுமந்த தண்ணீர், கொடுத்த கம்பளி, நெருப்பருகே போன துணிவு, இவற்றால் ஓர் உயிரும் மிஞ்சவில்லை. இதைச் சுற்றி வளைத்துப் பேசாமல் நேராகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இங்கேதான் பல நல்ல மனங்கள் தளர்ந்துபோகின்றன. உழைத்தும் பயனில்லையே, உதவியும் கைகூடவில்லையே, பிறகு எதற்கு என்று கேட்கின்றன. நோயாளித் தாயைப் பத்து ஆண்டு பார்த்துக்கொண்ட மகள், தாய் மறைந்தபின் இதைக் கேட்கிறாள். குடிக்கு அடிமையான தம்பியை மீட்கப் போராடித் தோற்ற அண்ணன் இதைக் கேட்கிறார்.

நஞ்சப்பசத்திரம் இதற்கு வாய்திறந்து பதில் சொல்லவில்லை. நடந்ததே பதிலாக இருக்கிறது. அந்த 14 பேரும் காட்டில் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. அவர்கள் விழுந்த சில நிமிடங்களில் மனிதக் கைகள் அவர்களைத் தேடி வந்தன. உயிர் பிரிந்த உடல்களும் தரையில் இழுபடாமல், யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்கு வைத்திருந்த கம்பளியில் பொதிந்து மேலே வந்தன. வருண் சிங்குக்கு ஒரு வாரம் கிடைத்தது. அந்த ஒரு வாரம் அவர் குடும்பத்தார் அவரருகே இருக்க முடிந்தது. துக்கத்தில் இருந்த அத்தனை குடும்பங்களும், கடைசி நேரத்தில் தம் உறவுக்கு அறியாத ஊரார் உறவாக நின்றார்கள் என்று கேட்டார்கள். உயிரைக் காப்பது மனிதர் கையில் எப்போதும் இருப்பதில்லை. தனியே விடாமல் இருப்பது மனிதர் கையில் எப்போதும் இருக்கிறது.

தாங்கல் என்று அய்யா வழியினர் வணங்கும் இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று சிந்தித்தால் இது இன்னும் தெளிவாகும். தாங்குவது என்றால் விழுகிறவரைப் பிடித்து நிற்பது. நிழல் தாங்கல் வெயிலை ஒழித்துவிடுவதில்லை. வெயிலில் வந்தவருக்கு நிழலாகிறது. அன்று நாலு முனையில் நாலு பேர் பிடித்த ஒவ்வொரு கம்பளியும் ஒரு தாங்கலாக இருந்தது.

அந்த ஊரார் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ராணுவம் அவர்களை மறக்கவில்லை. சில நாட்களில் லெப்டினன்ட் ஜெனரல் அருண் நேரில் வந்து ஊராருக்கு நன்றி கூறினார். கம்பளிகளும் உணவுப் பொருள்களும் வழங்கப்பட்டன. ஓராண்டுக்கு அந்த ஊரை ராணுவம் தத்தெடுத்து, மாதந்தோறும் மருத்துவ முகாம் நடத்தும் என்று அறிவிக்கப்பட்டது. செய்த தர்மம் திரும்பி வந்தது. ஆனால் திரும்பி வராமல் போயிருந்தாலும் அது தர்மமாகவே இருந்திருக்கும்.

அன்றாடத்தில் விளைந்த துணிவு

ஒரே நாளில் ஓர் ஊருக்கு இத்தனை துணிவு எங்கிருந்து வந்தது? துணிவு வானத்திலிருந்து இறங்குவதில்லை. அன்றாட வாழ்க்கையில் சிறுகச் சிறுகச் சேர்ந்துவருவது.

தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையைப் பார்க்கலாம். மூடுபனியில் வழி தெரியாது. செடிகளுக்கு நடுவே காட்டெருமை படுத்திருக்கலாம். மழைக்காலத்தில் அட்டை கால் முழுக்க ஏறும். சரிவில் கால் வழுக்கும். முதுகில் இலை மூட்டையோடு இவற்றைத் தினமும் கடந்துதான் பெண்கள் கூலி வாங்குகிறார்கள். உடன் வேலை செய்பவள் விழுந்தால் தூக்கிவர ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்களே தூக்க வேண்டும். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சாலை அறுந்து ஊர்கள் தனித்துவிட்டபோது அண்டை வீட்டாரே முதல் துணையாக இருந்தார்கள். இப்படி வாழ்ந்து பழகிய மலைக்கு, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது புதிதல்ல.

குன்னூரில் தபால்காரராக இருந்த டி. சிவன் என்பவரின் பெயரை 2020இல் நாடு முழுவதும் பேசியது. அவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள், நாள்தோறும் 15 கிலோமீட்டர் நடந்து காட்டோரக் குடியிருப்புகளுக்குத் தபால் கொண்டுசென்றவர். மலை ரயில் பாதையை ஒட்டிய வழியில் யானையும் கரடியும் காட்டெருமையும் குறுக்கிடும். வழுக்கும் ஓடைகளையும் இருட்டுச் சுரங்கங்களையும் கடக்க வேண்டும். அந்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றபோதுதான் பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது. ஒரு கடிதத்துக்காக இத்தனை தூரமா என்று அவர் கணக்குப் பார்த்திருந்தால், காட்டோரத்தில் காத்திருந்த யாரோ ஒருவருக்கு அந்தக் கடிதம் போயிருக்காது. அவர் செய்தது சம்பளத்துக்குச் செய்த வேலைதான். சம்பளத்துக்குச் செய்யும் வேலையையும் தர்மமாகச் செய்ய முடியும் என்பதற்கு அவர் சான்று.

வருண் சிங்கின் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. 2020 அக்டோபரில் அவர் ஓட்டிய தேஜஸ் போர் விமானம் வானில் கோளாறானது. குதித்துத் தப்பியிருக்கலாம், விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினார். அதற்காக 2021 ஆகஸ்டில் சௌர்ய சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. விருது பெற்றதும் அவர் தாம் படித்த பள்ளிக்குக் கடிதம் எழுதினார். தாம் படிப்பில் சாதாரண மாணவன் என்றும், சாதாரணமாக இருப்பதில் தவறில்லை என்றும், பிடித்த வேலையை முழு ஈடுபாட்டோடு செய்ய வேண்டும் என்றும் மாணவர்களுக்குச் சொல்லியிருந்தார். சாதாரணம் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அந்த வீரரை, சாதாரணம் என்று உலகம் சொல்லும் மக்களே நெருப்பிலிருந்து மீட்க முன்னே ஓடினார்கள்.

துணிவோடு விவேகமும்

துணிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நெருப்பில் பாய்வது என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்த ஊரார் தீ தணியும்வரை எட்டி நின்றார்கள். உடனே தகவல் சொன்னார்கள். வந்த மீட்புப் பணியாளர்கள் சொன்னபடி உதவினார்கள். விவேகமும் துணிவின் ஒரு பகுதியே. அன்பர்கள் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதும் தர்மம்.

தீ விபத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. உடையில் தீப்பற்றியவர் ஓடினால் தீ வளரும். அவரைத் தரையில் படுக்கவைத்து, கனமான பருத்தித் துணியோ கம்பளியோ கொண்டு மூடித் தீயை அணைக்க வேண்டும். வெந்த இடத்தில் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றலாம். பற்பசை, மை, மாவு, எண்ணெய் எதையும் பூசக் கூடாது. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத் தாங்கலில் ஒரு நாள் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாலே போதும். தேவைப்படும் நாளில் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.

தாங்கலில் கூடிச் சிந்திக்க

ஒன்று: வீட்டில் இருப்பவற்றில், இன்றிரவே தேவைப்படும் பொருள் ஒன்றை அறியாத ஒருவர் கேட்டால், முதலில் மனத்தில் எழும் கேள்வி எது? 'யார் அவர்?' என்பதா, 'என்ன வேண்டும்?' என்பதா?

இரண்டு: உதவியும் பலன் கிட்டாமல் மனம் சோர்ந்திருக்கும் ஒருவர் இந்த ஊரிலேயே இருக்கிறாரா? அவரை இந்த வாரம் யார் போய்ப் பார்ப்பது?

மூன்று: தபால் கொடுப்பவர், துப்புரவு செய்பவர், மின்கம்பம் ஏறுபவர், பேருந்து ஓட்டுபவர், இவர்கள் நாள்தோறும் செய்யும் துணிவான செயல்களில் ஒன்றையாவது பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னதுண்டா?

எளியவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா உபதேசித்தார். உயர்ந்த பதவியில் இருந்தவரும் நெருப்பின் முன் எளியவராகிறார். கூலிக்குப் போகும் ஏழையும் அவரைத் தாங்கும்போது உயர்ந்தவராகிறார். யார் எப்போது விழுவார், யார் எப்போது தாங்குவார் என்பதை அறிந்தவர் அய்யா ஒருவரே. விழுகிறவர் அருகே இருக்கும்போது, கையில் இருக்கும் கம்பளியை விரிப்பதே மனிதர் வேலை.

அய்யா உண்டு.